ஆனைக்கு மேலை என்ன வேணும்?

என் அருமை மகளுக்கு,

மாங்குளச் சந்தி முதல் முல்லைத்தீவுக் கடற்கரை வரை வாழும் மனிதர், மாடு, மயில், குரங்கு ஆகிய சகல சீவராசிகளின் முன்னிலையிலும், ஒட்டுசுட்டான் பகுதியின் முடிசூடா மன்னனும் உன்னைப் பெற்ற தகப்பனுமாகிய நான் சத்தியம் செய்து அறிவிப்பது: இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய். உன் அம்மா நம்பவே மாட்டா. காய்ச்சல் என்று நான் படுத்தாலே நெற்றியில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புகிறவா அவா. ஊரில் சின்னன் பெரிசு எல்லாருக்கும் நான் புளுகு மாமா. அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்ற இரண்டு துறையிலும் பட்டம் வாங்கிய ஒரே ஆள். அப்படிப்பட்டவன் எழுதுகிற கடிதம் இது. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசி. இருந்து வாசி.

இதை எழுதும்போது நீ கிணற்றடியில் குந்தியிருந்து, நாளைக்குப் போடவேண்டிய சப்பாத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சரக்சரக் சத்தத்துக்கு என் பேனை துள்ளித் துள்ளிப் போகிறது. சற்று முன் தலையை நிமிர்த்திக் கேட்டாய்.

"என்னப்பா, பின்னேரம் முழுக்க எழுதுறியள்?"

"உயில் எழுதுறன் பிள்ளை. என்ரை அரண்மனையும் ஏழு ஆனையும் உனக்குத்தான்."

"ஏழோ? போன மாசம் ஒரு ஆனைதானே இருந்தது."

"குட்டி போட்டிட்டுது."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே. எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை திங்கட்கிழமை விடிய உன்னுடைய கண்ணிவெடி அகற்றும் அணி எங்கள் காட்டோரக் காணிக்குப் போகிறது. எங்கள் காணிக்கு அப்பால், போன மாதம் மாடு ஒன்று காலை இழந்த அந்தப் பற்றைக்குள்தான் நீங்கள் வெடி தேடப்போகிறீர்கள். எங்கள் காணிக்குள் தேடப்போவதில்லை. அங்கே கொட்டில் போட்டு, தண்ணீர்த் தாங்கி வைத்து, காயப்பட்டால் கிடத்துகிற கட்டிலை விரித்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பாலை மர நிழலில் இளைப்பாறப் போகிறீர்கள். ஏனென்றால் அந்தக் காணியில் ஒன்றுமில்லை என்று படிவத்தில் இருக்கிறது. படிவத்தின் அடியில் ஒரு கையொப்பம் இருக்கிறது. கோழி கிளறினது போன்ற அந்தக் கையொப்பம் என்னுடையது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து, சைக்கிளைச் சாத்தாமலே நீ சொன்ன சந்தோசத்தை இப்போதும் காதில் கேட்கிறேன். "அப்பா, எங்கடை காணியிலைதான் ஓய்வுக் கொட்டில் போடுறம். பாலைப்பழக் காலமெல்லோ, பெட்டையள் எல்லாம் இப்பவே பை கொண்டு வரப்போறாளவை." எனக்கு வாய்க்குள் தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. "பிள்ளை," என்றேன், "அந்தப் பாலை மரத்தடியிலை..." நான் முடிக்கவில்லை, நீ முடித்தாய். "ஆனை நிண்டது. உங்களைக் கும்பிட்டது. வெத்திலை கேட்டது. பிறகு பின்பக்கமா நடந்து போனது. ஓம் அப்பா, பாடம்." சனிக்கிழமை காலை திரும்பவும் தொடங்கினேன். குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னா: "இஞ்சேருங்கோ, விடியக் காலமையே ஆனையை அவிட்டு விடாதேங்கோ." என்னுடைய வாய் என்னுடைய உண்மையையே வெளியே விடமாட்டேன் என்று வாசலில் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு முகம் இல்லை. பார்த்துச் சிரிக்க முடியாது.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அலுமாரிக் கதவில் நீ ஒட்டிவைத்த தாள் தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று கிழமைக்கு முன் உங்கள் வேலையிடத்தில் மன அழுத்தத்தைப் பற்றி ஒரு பயிற்சி வைத்தார்கள். வந்தவர் ஒரு முக்கோணம் கீறி, அதை ஐந்து படியாகப் பிரித்து, மனிசருக்கு என்னென்ன தேவை என்று எழுதிக் காட்டினாராம். அடிப்படியில் சோறு, தண்ணீர், நித்திரை. அதற்கு மேல் பாதுகாப்பு. அதற்கு மேல் அன்பும் நாலு பேரோடு சேர்ந்திருத்தலும். அதற்கும் மேல் மதிப்பு. உச்சியில், ஒருவர் தான் ஆகக்கூடியதாக முழுசாக ஆகிவிடுவது. கீழ்ப்படி நிரம்பினால்தான் மனிசர் மேல்படியை நினைப்பார்கள் என்று முதலில் சொன்னார்களாம். பிறகு வந்த படித்தவர்கள் அப்படியில்லை, எல்லாம் கலந்துதான் வரும் என்கிறார்களாம். நீ கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினாய். உன் அம்மா தலையைச் சரித்துப் பார்த்தா.

"இதென்ன, நீத்துப்பெட்டியைக் கவிட்டு வைச்சுக் கிடக்கு?"

புட்டு அவிக்கிற ஓலைக் கூம்பைத்தான் அவா சொன்னா. "கூர் கீழையெல்லோ இருக்க வேணும். கவிட்டால் புட்டு முழுக்கக் கொட்டுண்டு போம்." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் நான் அந்தத் தாளுக்கு முன்னால் மூன்று கிழமையாக ஆராய்ச்சி நடத்தியிருக்கிறேன். கடல் கடந்த பல்கலைக்கழகங்கள் என்னை அழைக்கப் பேருந்து அனுப்பக்கூடும். வந்தால் நான் இல்லை என்று சொல்லிவிடு. என்னுடைய முடிவு: உன் அம்மா சொன்னதுதான் சரி. எங்கள் சனத்துக்கு அது பலமுறை கவிழ்ந்துதான் இருந்திருக்கிறது. எது கவிழ்ந்த நேரத்தில் நான் எதைக் கொட்டினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உனக்கு ஏழு வயது. சண்டையின் கடைசி இடப்பெயர்வு. கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டி, உன் அம்மா தன்னுடைய சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி மேலே அடுக்கினா. நீலம், பச்சை, மாம்பழ மஞ்சள். எங்கள் கூரை திருவிழாத் தேர் மாதிரி இருந்தது. கலியாணக் கூறைச் சேலையை மட்டும் அவா கிழிக்கவில்லை. "உயிர் பெரிசோ சீலை பெரிசோ?" என்று நான் கத்தினேன். அவா ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னா: "எல்லாத்தையும் கிழிச்சுப்போட்டுத் தப்பி வெளிக்கிட்டால், பிறகு நாங்கள் ஆரெண்டு ஆருக்குக் காட்டுறது?" அந்தக் குழிக்குள் உனக்கு ஒரு சிரட்டை கஞ்சி நீட்டினேன். இரண்டு நாள் ஒழுங்கான சாப்பாடு இல்லாத பிள்ளை நீ. சிரட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "முதல்லை ஒரு பொய் சொல்லுங்கோ அப்பா. பிறகு குடிக்கிறன்." பொய் என்றுதான் கேட்டாய், கதை என்று கேட்கவில்லை. பொய் என்று தெரிந்தே கேட்டாய். நான் சொன்னேன். இந்த அரிசியை ஒரு யானை அரசனுடைய கோப்பையிலிருந்து களவெடுத்து, தும்பிக்கைக்குள் ஒளித்து, நாலு ஆறு கடந்து கொண்டுவந்தது என்றேன். நீ குடித்தாய். முக்கோணம் கீறிய பெரியவர் அந்தக் குழிக்குள் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் சோற்றுக்குக் கீழே இன்னொரு படி கட்டியிருப்பார்.

நான் புளுகன் ஆனது அங்கேதான். அது வரைக்கும் நான் கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறவன், அவ்வளவே. அந்தக் குழிக்குள் என் புளுகுக்கு ஒரு வேலை கிடைத்தது. எனக்கு மூச்சு விடமுடியாத பயம். நீ சிரித்தால் பயம் ஒரு சாண் இறங்கும். சிரிப்பு என்பது மண்மூட்டைக்கு மேல் இன்னொரு மண்மூட்டை என்று அன்று கண்டுபிடித்தேன். பிழை என்னவென்றால், குழியை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த மூட்டையை நான் இறக்கி வைக்கவில்லை.

இன்னொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உன் வேலையை நான் எதிர்த்தது ஏன் பலிக்கவில்லை என்று விளங்காது. மீளக்குடியேறி வந்த புதிதில் கச்சான் கடலை சுற்றிவந்த தாளைக்கூட விடாமல் வாசிப்பாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையைப் பேராசிரியராக்கிவிட வேண்டும் என்று, ஒரு பக்கம் வாசித்தால் ஒரு டொபி என்று சட்டம் போட்டேன். இரண்டு மாதம் பக்கம் பக்கமாக ஓடியது. ஒருநாள் கடையில் டொபி முடிந்துபோயிற்று. நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாய்: "டொபி இல்லாட்டி ஏன் வாசிக்க வேணும்?" சும்மா கிடந்த ஆசைக்குக் கூலி கொடுத்து அதைக் கூலியாள் ஆக்கிவிட்டேன். அதே காலத்தில் சைக்கிள் பழகாதே, விழுவாய் என்று உன்னை அடித்தும் வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், முழங்கால் இரண்டும் தோலுரிய, ஒருவரும் பார்க்காத இடத்தில் நீயே பழகிக்கொண்டு வந்து வாசலில் மணி அடித்தாய். டொபி கொடுத்தது நின்றுபோனது. அடி கொடுத்தது ஓடியது. இதைக் கண்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

கண்ணிவெடி வேலைக்கு நீ போனபோது கூரைக்கு ஓடு வாங்கத்தான் போகிறேன் என்றாய். சரி, அடிப்படி, வயிறும் கூரையும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கூரை வந்தது. அதற்குள் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் உனக்கு வேலை கிடைத்தது. காற்றாடி சுழலும் மண்டபம், இருந்து செய்யிற வேலை. நீ போகமாட்டேன் என்றாய். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். தையல் மெசின் வாங்கித் தருகிறேன் என்றேன், தங்கச் சங்கிலி என்றேன், கடைசியில் ஒரு யானை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். நீ சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"அப்பா, போன வருசம் நான் முழங்காலிலை இருந்து வெடி தேடி முடிச்ச துண்டு நிலம் ஒண்டு இருக்கு. போன கிழமை அதாலை வந்தனான். ஒரு மனிசி அதுக்கை கச்சான் போட்டிருக்கிறா. வெறுங்காலோடை நிண்டு பிடுங்குறா. நான் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டே நிண்டனான். அவாவுக்கு என்னை ஆரெண்டும் தெரியாது."

உச்சிப்படி என்று அந்தத் தாளில் இருப்பது அதுதான் என்று இப்போது தெரிகிறது. நீ அங்கே ஏறி நிற்கிறாய். நான் இரண்டாம் படியில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உன்னுடைய சப்பாத்துச் சத்தம் வாசற் படலையில் கேட்கும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் நான் உயிரோடு இருப்பதில்லை. வீதியில் ஒரு லொறிச் சக்கரம் வெடித்தால் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது யானைக்கு வருகிறேன். ஊர் அறிந்த கதை இதுதான். நாங்கள் திரும்பி வந்த வருசம், காட்டோரக் காணியை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, போகவேண்டாம் என்று கட்டியிருந்த நாடாவைத் தாண்டி நான் உள்ளே போனேன். பாலைப்பழக் காலம். மரத்தில் ஏறியிருந்து பழம் தின்றுகொண்டிருக்க, கோவில் கோபுரத்துக்குச் சக்கரம் பூட்டினது போல ஒரு கொம்பன் வந்தது. அதன் கொம்பு ஒன்று நெடுங்கேணியிலும் மற்றது முள்ளியவளையிலும் முட்டியது. அது மரத்தடியில் நின்று என்னை மூன்று முறை கும்பிட்டு, வெற்றிலை இருக்கிறதா என்று சுத்தத் தமிழில் கேட்டது. இல்லை என்றேன். "அப்ப நான் வாறன் ஐயா" என்று, அரசனுக்கு முதுகு காட்டக்கூடாது என்ற மரியாதையில், வந்த அடியிலேயே அடி வைத்துப் பின்பக்கமாக நடந்து காட்டுக்குள் போய்விட்டது. இந்தக் கதையைக் கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், செத்தவீட்டிலும் சொல்லியிருக்கிறேன். பிணமே சிரித்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நடந்தது வேறு. மரத்தில் ஏறியது உண்மையல்ல. கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். வந்தது கொம்பன் அல்ல, வயதுபோன ஒரு பெட்டை யானை. பழத்துக்குத்தான் வந்தது. மரத்துக்குக் கிட்டப் போய், நிலத்தில் தும்பிக்கையை வைத்து, ஒரு இடத்தை மணந்தது. மணந்துவிட்டு அப்படியே நின்றது. காதுகூட அசையவில்லை. பிறகு ஒரு காலைத் தூக்கிப் பின்னால் வைத்தது. மற்றதையும் தூக்கிப் பின்னால் வைத்தது. அவ்வளவு பெரிய உடம்பு, பூனை மாதிரி, ஒரு சத்தமில்லாமல் போயிற்று. விழுந்து கிடந்த பழத்தில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. யானை போன பிறகு நான் எட்டி எட்டிப் போய்ப் பார்த்தேன். மழை வேரடி மண்ணை அரித்திருந்தது. பச்சை நிறத்தில், சின்ன மீன் தகரப்பேணி அளவில், வட்டமாக ஒன்று, பாதி மண்ணுக்குள். அதற்கு அருகில் என்னுடைய வெறுங்கால் அடி ஒன்று. யானை வர முன் நான் உள்ளே போகும்போது வைத்தது. இடையில் ஒரு கைப்பிடி மண்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியில் சின்னராசாவின் தேத்தண்ணீர்க் கடையில் இருந்துவிட்டேன். கோப்பை கையில் தடதடத்தது. "என்ன மாமா, ஆனை துரத்தினதோ?" என்று சின்னராசா கேட்டான். ஓம் என்றேன். "எவ்வளவு பெரிசு?" நான் கையை விரித்தேன். நாலு பேர் சிரித்தார்கள். நடுக்கம் ஒரு சாண் இறங்கியது. கையை இன்னும் விரித்தேன். அடுத்த நாள் சொன்னபோது யானைக்குக் கொம்பு முளைத்தது, அதற்கடுத்த கிழமை பேச்சு வந்தது. யானை வளர வளர அந்தப் பச்சைச் சாமான் சிறுத்துச் சிறுத்து, ஒருநாள் கதையை விட்டே போய்விட்டது.

அடுத்த வருசம் காணிகளைப் பற்றி விசாரித்து எழுத இரண்டு பேர் வந்தார்கள். சனசமூக நிலையத்தில் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். முகாமிலும் பிறருடைய வளவிலுமாக எத்தனையோ காலம் வரிசையில் நின்ற என்னை அன்றுதான் ஒருவர் ஐயா என்று சொல்லிக் கதிரை தந்தார். என் முறை வந்தது. சின்னராசா பின்னாலிருந்து கத்தினான்: "மாமா, தம்பிக்கு அந்த ஆனைக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ!" சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் என்றைக்கும் சொன்னதில்லை. மண்டபம் சிரித்து உருண்டது. எழுதவந்த பெடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனையைப் படிவத்தில் வைத்துக் கேட்டான்.

"சரி ஐயா, ஆனையைத் தவிர வேறை ஏதும் கண்டனீங்களோ?"

அந்த இடத்தில், மகளே, ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்றால் சிரிப்பு நின்றுவிடும். அத்தனை முகமும் மாறும். இவன் நாடாவைத் தாண்டினவன், இத்தனை நாள் மறைத்தவன் என்று பார்ப்பார்கள். நான் மண்டபத்தைப் பார்த்தேன். எல்லாரும் வாயைத் திறந்து, அடுத்த பகிடிக்காகக் காத்திருந்தார்கள்.

"ஆனைக்கு மேலை என்ன வேணும் தம்பி!" என்றேன்.

கூரை அதிர்ந்தது. அவன் சிரித்துக்கொண்டே 'ஒன்றுமில்லை' என்று எழுதினான். நான் கையெழுத்து வைத்தேன். அவனில் பிழையில்லை, எழுதிய பிறகு இன்னொருதரம் என்னை நிமிர்ந்து பார்த்தவன் அவன். தலையாட்டியது நான். மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் ஆசைப்பட்டு இரண்டாம் படியை உடைத்து விறகாக்கினேன். பசியில் ஒரு மனிசன் அப்படிச் செய்தால் மன்னிக்கலாம். நான் வயிறு நிறைந்திருந்தபோது, கதிரையில் இருந்துகொண்டு, ஒரு சிரிப்புக்காகச் செய்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் காணியில் நான் ஒரு நெல்லும் விதைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் யானைத் தொல்லை என்றேன். இந்தப் பக்கத்தில் அதை நம்பாதவர் இல்லை. "ஆனைக்குப் பயந்து காணியைக் காடாக்கிப்போட்ட மனிசன்" என்று அம்மா ஏசும்போதெல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பழக் காலத்தில் பிள்ளைகள் போய்விடக்கூடாது என்று அந்த மரத்தில் முனி இருக்கிறது என்று கட்டிவிட்டேன். முனியைக் கண்டவர்கள் இப்போது ஊரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு பொய்க்கு வேலியாக இன்னொரு பொய், அதற்குக் காவலாக இன்னொன்று. ஒவ்வொரு பழக் காலமும் மற்றவர்களுடைய மாடுகளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன், ஒன்று குறைந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. இத்தனை வருசத்தில் ஒருநாள் போய் ஒரு அதிகாரியிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. முனிக்குப் பயப்படாத, யானைக்குப் பயப்படாத ஒருத்தி என் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவில்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நீ சீக்கிரம் அணித்தலைவி ஆவாய், உன்னையும் காணிகளை விசாரித்து எழுத அனுப்புவார்கள். ஊருக்கு நடுவில் வைத்து ஒரு மனிசனிடம் அவனுடைய பயத்தைக் கேட்காதே. நாலு பேருக்கு முன்னால் அவனுக்கு அந்த நாலு பேர்தான் தேவை, வேறெதுவும் தேவையில்லை. அவனுடைய வீட்டுக்குப் போ. தனியக் கேள். ஒருதரம் கேட்டுவிட்டு வந்துவிடாதே, தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை இருந்து, எழும்பும்போது திரும்பவும் கேள். எல்லாரையும் சிரிக்கவைக்கிற ஆள் என்றால் அவனுடைய வாயைப் பார்க்காதே, கையைப் பார். கோப்பை தடதடத்தால் பேனையை மூடாதே. சனத்துக்கு என்ன தேவை என்று அவர்களே சொல்வார்கள் என்று நினைக்காதே. எது தேவையோ அதைத்தான் மனிசர் கடைசியாகச் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. திறந்தபடியே உன் கையில் தருவேன். நீ வாசித்து முடித்ததும் உன் மேற்பார்வையாளரிடம் கொடு. அணியில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல். சின்னராசாவின் கடையில் கேட்டாலும் கேட்கட்டும். புளுகு மாமா என்று கூப்பிட்டவர்கள் இனி என்னவென்று கூப்பிடுவார்களோ தெரியாது. அந்தப் பெயரைக் கேட்கவும் எனக்குப் பயம்தான். ஆனால் அந்தப் பயம் சின்னது. அதற்குப் பக்கத்தில் மற்றப் பயத்தை வைத்துப் பார்க்க இத்தனை வருசம் எடுத்தது.

நாளை விடிய வாகனம் வரும்போது நானும் ஏறுவேன். வேண்டாம் என்று சொல்லாதே. காணிக்குள் இறங்கமாட்டேன், வீதியில் நின்று கையால் காட்டுவேன். கிணற்றுக் கட்டின் உடைந்த மூலையிலிருந்து பாலை மரத்தை நேராகப் பார்த்து, என்னுடைய காலடி எட்டில் பதினொன்று. ஆனால் அந்தக் கணக்கை நம்பாதே, நான் எட்டைக்கூடக் கூட்டியோ குறைத்தோதான் சொல்லிப் பழகியவன். மழை எத்தனையோ பெய்துவிட்டது, மண் நகர்ந்திருக்கும். வீதியிலிருந்தே தொடங்குங்கள். ஒரு அங்குலத்தையும் என் சொல்லுக்காக விட்டுவிடாதீர்கள். ஒன்று கிடந்தால் பக்கத்தில் இன்னொன்று கிடக்கும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய்.

சப்பாத்துத் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. நீ கையைத் துடைத்துக்கொண்டு எழும்புகிறாய். இந்தப் பக்கம் வருகிறாய். இன்னும் இரண்டு வரிக்குத்தான் நேரம் இருக்கிறது.

கொம்பு பொய். கும்பிட்டது பொய். வெற்றிலை கேட்டது, தமிழ் பேசியது, எனக்கு மரியாதை செய்தது எல்லாம் பொய், பிள்ளை. அந்தக் கதையில் அது பின்பக்கமாக நடந்து போனது மட்டும் உண்மை. அதை அப்படி நடக்கவைத்த சாமான் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அப்பா